காதோரம் இருப்பதும் கடலோரம் நிற்பதும்



சில வாரங்களுக்கு முன் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்து நின்றேன். நயினாதீவுக்குப் போகிறவர்களும் நெடுந்தீவுக்குப் போகிறவர்களும் ஒன்றாகக் கூடும் இடம் அது. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு எல்லாம் மனிதர்களுக்கு முன்பே வரிசை பிடித்திருந்தன. தம்பியோடு வந்திருந்த ஒரு சகோதரி என்னை அடையாளம் கண்டு ஸலாம் சொன்னார்.

"மௌலவி, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். எங்கட பின்வளவுக்கு அங்கால டவர் கட்டப் போறாங்களாம். வேண்டாமெண்டு ஊரில கையெழுத்து வாங்குகினம். நான் வைக்கலாமோ?"

எந்தத் தீவு என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. டவர் வந்தால் கரு தங்காது, பிள்ளைகளுக்கு மூளையில் கட்டி வரும், தென்னையில் குரும்பை கொட்டும் என்றெல்லாம் ஊரில் பேச்சாம். சொல்லிக்கொண்டு வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் ஒண்டு தவறிப்போச்சு மௌலவி. அல்லாஹ் திரும்பத் தந்திருக்கிறான். அதுதான் பயமாக் கிடக்கு."

இத்தனையும் சொல்லும்போது அவருடைய முக்காட்டுக்குள், வலது காதோடு ஒட்டினாற்போல், ஒரு போன் செருகப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்ததைக் கண்டுகொண்டு, "அவர் லைனிலதான் நிக்கிறார், கட்டாரில இருந்து. அவரும் கேக்கட்டும்" என்றார்.

அதற்குள் படகு வந்துவிட்டது. பாதிப் பதிலோடு நான் தப்பினேன். மீதிப் பதில்தான் இந்த மாதப் பக்கம். அந்தச் சகோதரிக்கு மட்டுமல்ல, முக்காட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு சோறு வடிக்கும் எல்லாச் சகோதரிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், போன வருடம் தவறிய கருவைப் பற்றி. டவர் இன்னும் கட்டப்படவேயில்லை. கட்டாத டவரின் மேல் பழி போட முடியாது. தாய்க்குத் தெரிய வந்த கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை தவறிப்போகின்றன என்று வைத்திய நூல்கள் சொல்கின்றன. ஆரம்ப மாதங்களில் தவறுபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே அதன் நிறமூர்த்தங்களில் நேர்ந்துவிடும் குறை. தாய் எதைத் தூக்கினாள், எதைச் சாப்பிட்டாள், எங்கே நின்றாள் என்று துருவுவதில் பயனில்லை. ஆனால் நம் வீடுகளில் அந்தத் துருவல்தான் முதலில் நடக்கிறது. மாமி ஒரு காரணம் சொல்வார், மச்சாள் ஒரு காரணம் சொல்வார், இப்போது டவரும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சகோதரியே, கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். பழையதை நினைத்து உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

இனி டவருக்கு வருவோம்.

'கதிர்வீச்சு' என்ற சொல்லைக் கேட்டதுமே நமக்கு ஹிரோஷிமா நினைவு வருகிறது. ஆனால் கதிர்வீச்சு என்பது ஒரு பெரிய குடும்பம். அரிக்கன் லாம்பின் வெளிச்சமும் கதிர்வீச்சுதான், அடுப்பின் சூடும் கதிர்வீச்சுதான், எக்ஸ்ரேயும் கதிர்வீச்சுதான். எக்ஸ்ரே போன்றவை உடலின் அணுக்களையே உடைக்கும் வலிமை கொண்டவை. அதனால்தான் கர்ப்பிணி என்றால் எக்ஸ்ரே எடுக்கும் முன் கேட்கிறார்கள். போனும் டவரும் அனுப்புவது வானொலி அலை. அதன் ஒவ்வொரு துணுக்குக்கும் உள்ள சக்தி, நம் கண் பார்க்கும் சாதாரண வெளிச்சத்தைவிட இலட்சக்கணக்கான மடங்கு குறைவு. அணுவை உடைக்க அதனால் முடியாது. இலங்கையில் 1925 முதல் வானொலி ஒலிபரப்பு நடக்கிறது. ஏறத்தாழ நூறு வருடமாக இந்த அலைக் குடும்பத்துக்குள்தான் நாம் வாழ்கிறோம்.

அப்படியானால் அது ஒன்றுமே செய்யாதா? செய்யும். சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு இறைச்சியைச் சூடாக்குவது இதே குடும்பத்து அலையால்தான். ஆனால் அந்த அடுப்பு, பூட்டிய பெட்டிக்குள் எண்ணூறு வாட் அளவு சக்தியைப் பாய்ச்சுகிறது. இன்றைய 4ஜி போன் தன் முழுப் பலத்தையும் காட்டினாலும் அனுப்புவது ஏறக்குறைய 0.2 வாட், அடுப்பின் நாலாயிரத்தில் ஒரு பங்கு.

இந்தச் சூட்டை வைத்துத்தான் பாதுகாப்பு எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. வகுத்தது அயனாக்காத கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு. 1998 இல் வெளியிட்டு 2020 இல் புதுப்பித்தார்கள். அவர்கள் கணக்கை எளிமையாகச் சொல்கிறேன். உடம்பின் ஒவ்வொரு கிலோவும் 4 வாட் வீதம் உறிஞ்சினால் உடல் வெப்பம் ஏறத்தாழ ஒரு பாகை உயரும். அதையே தீங்கின் தொடக்கம் என்று வைத்துக்கொண்டு, பொதுமக்களுக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் அனுமதித்தார்கள்: கிலோவுக்கு 0.08 வாட். தலையோடு ஒட்டி வைக்கும் போனுக்கு வேறு கணக்கு. தலையில் எந்தப் பத்துக் கிராம் சதையை எடுத்தாலும் அது உறிஞ்சுவது கிலோவுக்கு 2 வாட் வீதத்தைத் தாண்டக்கூடாது. அமெரிக்காவும் இந்தியாவும் இன்னும் இறுக்கமாக, எந்த ஒரு கிராம் சதையை எடுத்தாலும் கிலோவுக்கு 1.6 வாட் வீதம் என்று வைத்திருக்கின்றன. உங்கள் போனின் அளவைப் பார்க்க வேண்டுமானால் நட்சத்திரம், ஹாஷ், 07, ஹாஷ் என்று அழுத்திப் பாருங்கள். பல போன்களில் திரையிலேயே வரும்.

டவரிலிருந்து நம் மேல் விழும் அலைக்கும் எல்லை உண்டு. 900 மெகாஹேர்ட்ஸ் அலையானால் ஒரு சதுர மீற்றருக்கு 4.5 வாட்; 1800 ஆனால் 9 வாட். நம் நாட்டின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இந்த சர்வதேச அளவையே பின்பற்றுகிறது. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் இதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. உடனே ஒரு கேள்வி எழும்: பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு 0.45, இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு 4.5 என்றால் நம் உயிர் மலிவா? நியாயமான கேள்விதான். நானும் கேட்டேன். பதில் உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட தகவலில் இருக்கிறது. டவர்களைச் சுற்றி மக்கள் நடமாடும் இடங்களில் உண்மையில் அளந்து பார்த்தபோது, கிடைத்த அளவு சர்வதேச எல்லையின் நூற்றுக்கு 0.002 முதல் 2 பங்கு வரைதான். அதாவது இந்தியாவின் பத்தில் ஒரு பங்கு எல்லைக்கும் அது கீழே. எல்லை எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைவிட, நம் முற்றத்தில் என்ன விழுகிறது என்பதுதான் முக்கியம்.

'டவர் வீட்டுக்குப் பின்னால்தானே, அப்படியே தலைமேல் கொட்டாதா?' என்று நினைப்பீர்கள். ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து பார்த்தவர்களுக்குக் காரைநகர் கோவளம் வெளிச்சவீடு தெரியும். வெளிச்சவீட்டின் ஒளி கடலில் தூரத்தில் போகும் கப்பலுக்குத் தெரிகிறது. அதன் அடியில் கட்டியிருக்கும் ஆட்டுக்குத் தெரிவதில்லை. டவரின் அன்டெனாவும் அப்படித்தான். அலையைப் பக்கவாட்டில், சற்றே சாய்த்து அனுப்புகிறது. அது தரையைத் தொடுவது சற்றுத் தள்ளி. தொடும்போது விரிந்து மெலிந்துவிடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் பலம் நான்கில் ஒன்று, பத்து மடங்கானால் நூறில் ஒன்று. ஆபத்தான இடம் அன்டெனாவுக்கு நேர் முன்னால் சில மீற்றர். அங்கே ஏறி வேலை செய்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

இப்போது முக்காட்டுக்குள் இருக்கும் போனைப் பார்ப்போம். டவருக்கும் உங்களுக்கும் இடையில் நூறு மீற்றர். போனுக்கும் உங்கள் காதுக்கும் இடையில் ஒரு துணி. பருத்தித் துணியானாலும் கறுப்பு அபாயா துணியானாலும் வானொலி அலையைத் தடுக்காது. உங்கள் தலை ஏற்கும் அலையில் பெரும்பங்கு அந்த டவரிலிருந்து வருவதில்லை, உங்கள் கையிலுள்ள போனிலிருந்து வருகிறது.

தீவுக்காரர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய விடயம் இன்னொன்று உண்டு. போன் எப்போதும் ஒரே பலத்தில் பேசுவதில்லை. டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லிய குரலில் பேசும். தூரத்தில் இருந்தால் கத்திப் பேசும், அக்கரையில் நிற்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல. இரண்டுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்கூட வரலாம். நெடுந்தீவுப் படகில் ஒரு மணி நேரம் போகும்போது, நடுக்கடலில் சிக்னல் ஒரு கோடாகக் குறைந்திருக்கும் நேரத்தில், 'ஹலோ, ஹலோ, கேக்குதோ' என்று காதில் அழுத்திப் பேசுகிறோமே, அப்போதுதான் போன் தன் முழுப் பலத்தோடு அலையை அனுப்புகிறது. அந்த நேரம் பேசாமல் கரை சேர்ந்த பின் பேசுங்கள், அல்லது எழுத்தில் செய்தி அனுப்புங்கள். இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பக்கத்தில் டவரே வேண்டாம் என்று விரட்டிவிட்டு, தூரத்து டவரோடு நாள் முழுக்கப் பேசும் ஊரில், பிள்ளையின் தலை ஏற்கும் அலை கூடுமே தவிரக் குறையாது. இதை நான் சொன்னபோது ஒரு பெரியவர் நம்பவில்லை. 'டவர்காரன் காசு தந்தவனோ?' என்று சிரித்தார். தரவில்லை.

புற்றுநோய்க் கேள்வி மிச்சமிருக்கிறது. அதை மழுப்பக்கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 மே மாதம் இந்த அலைகளை '2பி' என்ற பிரிவில் வைத்தது. 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு' என்பது அதன் பொருள். அன்று பத்திரிகைகள் 'செல்போனால் புற்றுநோய்' என்று எழுதின. அரபுக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவுகளை விளங்கிக்கொள்வது சுலபம். ஒரு விடயம் உண்மையா என்பதில் மனித மனத்துக்கு உள்ள நிலைகளை யகீன், ளன்னு, ஷக், வஹ்ம் என்று எங்கள் உஸ்தாதுமார் பிரித்துப் படிப்பித்தார்கள். யகீன் உறுதி. ளன்னு ஒரு பக்கம் சாய்ந்த எண்ணம். ஷக் இரண்டு பக்கமும் சமமான ஐயம். வஹ்ம் மெலிந்த பக்கத்து நினைப்பு. முகவரகத்தின் முதலாம் பிரிவு யகீன்; 2ஏ ளன்னு; 2பி அதற்குக் கீழே. அச்சொட்டாகப் பொருந்தாவிட்டாலும் இப்படி நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதையல்ல.

முதலாம் பிரிவில், அதாவது யகீனில், என்ன இருக்கிறது தெரியுமா? பாக்கு. புகையிலை சேர்த்த வெற்றிலை மட்டுமல்ல, புகையிலை சேர்க்காத பாக்கு வெற்றிலையும் 2004 முதல் அங்கேதான். இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதற்குக் காரணத்தை வெளியே தேடத் தேவையில்லை. 2ஏ பிரிவில் என்ன? மூடிய குசினிக்குள் எரியும் விறகடுப்பின் புகை. போனுக்கு ஒரு படி மேலே! டவருக்கு எதிராகக் கையெழுத்து வாங்க வந்தவர்கள் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருந்து பேசினார்களா என்று அந்தச் சகோதரியிடம் கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பாவம், அவர் இருந்த நிலையில் கேட்கவில்லை.

2011 க்குப் பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 2018 இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஆய்வொன்றில், நாளுக்கு ஒன்பது மணி நேரம் வீதம் இரண்டு வருடம் உடல் முழுவதும் கடுமையான அலைக்கு உட்படுத்திய ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் கண்டன. அதே எலிகள் அலை படாத எலிகளைவிடக் கூடுதல் நாள் உயிர்வாழ்ந்தன. ஏன் என்பது அவர்களுக்கே புதிர்தான். மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி செய்யப்பட்ட மதிப்பீடு 2024 இல் வெளிவந்தது. பத்து வருடத்துக்கு மேல் போன் பாவித்தவர்களிடையேயும் மூளைப் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்பது அதன் முடிவு. ஆனாலும் இந்த அலைகளை மறுபடி ஆராய வேண்டியவற்றின் முன்வரிசையில்தான் அந்த முகவரகம் வைத்திருக்கிறது. கதவு மூடப்படவில்லை. அதனால்தான் நான் 'பயப்படாதீர்கள்' என்று சொல்லும் அதே வாயால், 'போனைக் காதிலிருந்து எடுங்கள்' என்றும் சொல்கிறேன். காசு செலவில்லாமல் குறைக்கக்கூடியதைக் குறைப்பதில் நட்டமில்லை. பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கூடுதலாக. அதே போனைக் காதில் வைத்தால், பெரியவர்களைவிடச் சிறுவரின் மூளை சராசரியாக இரண்டு மடங்கு உறிஞ்சும் என்று 2011 மதிப்பீடே சொல்கிறது. மண்டையோடு மெல்லியது, தலை சிறியது.

எல்லை என்று ஒன்று இருந்தால் அதை யாராவது அளக்கவும் வேண்டும். பிரான்சில் அளக்கிறார்கள். 2023 செப்டம்பரில் அங்குள்ள அலைவரிசை முகவரகம், ஐபோன் 12 என்ற போனைக் கையிலும் சட்டைப்பையிலும் வைத்திருப்பதுபோல உடலோடு ஒட்டவைத்து அளந்தது. அங்கே எல்லை கிலோவுக்கு 4 வாட், வந்தது 5.74. உடனே விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். அப்பிள் நிறுவனம் தன் அளவீடுகள் வேறு என்று வாதாடியது, ஆனாலும் மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது, விற்பனை தொடர்ந்தது. பெரிய கம்பனி என்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்பதும் இல்லை. எல்லையைத் தாண்டிய உடனே ஆள் விழுந்துவிடுவார் என்பதும் இல்லை, நடுவில் ஐம்பது மடங்கு, பத்து மடங்கு என்று இடைவெளி விட்டுத்தான் எல்லை போட்டிருக்கிறார்கள். நான் இதில் கவனித்தது வேறு. அந்தப் போன் உடலிலிருந்து சற்றுத் தள்ளி அளந்தபோது தேறியது. ஒட்டி அளந்தபோது தவறியது. முக்காடு, இடுப்புச் செருகல், தலையணைக்கு அடி எல்லாம் 'ஒட்டி' என்ற கணக்கில்தான் வரும்.

'ஸ்பீக்கரில போட்டுப் பேசுங்கள்' என்று இறங்குதுறையில் நான் சொன்னபோது அந்தச் சகோதரி சொன்ன பதிலை மறைக்காமல் எழுதுகிறேன்: "ஸ்பீக்கரில போட்டால் மாமி கேப்பாவே, மௌலவி." எந்த விஞ்ஞானியும் இந்தக் காரணத்தை ஆய்வில் சேர்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் வரும் கணவனோடு ஒரு பெண் நாலு வார்த்தை தனியாகப் பேசுவதற்குக் கிடைத்த ஒரே அறை அந்த முக்காடு. அதையும் பறிக்க நான் யார்? வயர் உள்ள இயர்போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போனை மேசையில் வையுங்கள். ஒரு சாண் தள்ளினாலே தலை ஏற்கும் அலை பல மடங்கு குறைந்துவிடும். பேச்சும் உங்கள் காதோடு நிற்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், போனை இடது சட்டைப்பையில் போட விடாதீர்கள்; ஒரு சாண் தூரமாவது இருக்கட்டும்.

ஆனால் 'கதிர்வீச்சைத் தடுக்கும்' என்று சொல்லி விற்கும் பளபளப்பான ஸ்டிக்கரை மட்டும் வாங்காதீர்கள். என் மாணவன் ஒருவன் முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கி ஒட்டிக்கொண்டு வந்தான். உண்மையிலேயே அது அலையைத் தடுத்தால் போன் இன்னும் பலமாகக் கத்த வேண்டிவரும். தடுக்காவிட்டால் முந்நூறு ரூபாய் வீண்.

கையெழுத்து விடயம். 2019 இல் யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நடப்பட்டபோது, அவை 5ஜி கோபுரங்கள் என்று பேச்சுக் கிளம்பி மக்கள் வீதிக்கு வந்தார்கள். மாநகர சபைத் தரப்பு மறுத்தது. அந்த வருடம் இலங்கையில் 5ஜி வர்த்தக சேவையே தொடங்கியிருக்கவில்லை. ஆனால் மக்கள் மேல் மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர் முடிந்த மண்ணில், கேட்காமல் சொல்லாமல் ஒரு கம்பம் முளைத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். முதலில் கூப்பிட்டு விளக்கியிருந்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும். சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020 ஏப்ரலில் பிரித்தானியாவில் பார்த்தோம். கொரோனாவைப் பரப்புவது 5ஜி என்ற வதந்தியால் டஸன் கணக்கில் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். பேர்மிங்காமில் எரிந்த ஒன்று, கொரோனா நோயாளிகளுக்காகத் திறந்த வைத்தியசாலைக்குச் சேவை தந்த கோபுரம். உறவினர் நோயாளியின் பக்கத்தில்கூட நிற்க முடியாத நாட்களில், பேசுவதற்கிருந்த வழியை எரித்தார்கள்.

எனக்கு இது வெறும் செய்தியல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு, யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரியாமல் உம்மா மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்தார். தென்னாசியாவில் முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கிய நாடு இலங்கை, 1989 இல். எங்கள் தீவுகளுக்கு அதனால் அன்று ஒரு பயனும் இருக்கவில்லை. இன்று நெடுந்தீவில் நள்ளிரவில் ஒரு தாய்க்கு வலி கண்டு, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், படகை ஒழுங்குசெய்ய முதலில் தேவைப்படுவது சிக்னல்.

அதனால் டவர்காரர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுங்கள் என்று சொல்லவில்லை. பிரதேச சபையிடம் கேளுங்கள்: அனுமதி முறையாக எடுக்கப்பட்டதா? காற்றுக்கும் உப்புக்கும் தாங்கும் அத்திவாரமா? ஜெனரேட்டர் இரவில் எந்தச் சுவரோரம் ஓடும்? சத்தமும் புகையும் கர்ப்பிணியின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது வதந்தியல்ல. சேவை தொடங்கிய பின், வீட்டு முற்றத்தில் அலையை அளந்து முடிவை எழுத்தில் தரும்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். அளந்த காகிதம் கையில் இருந்தால் ஊர்ப் பேச்சு தானாக அடங்கும். அளவு கூடியிருந்தால் சண்டை போட ஆதாரமும் இருக்கும்.

இதுவரை எழுதி முடித்தபோது அந்தச் சகோதரியிடமிருந்தே அழைப்பு வந்தது. கையெழுத்து வைக்கவில்லையாம். "யோசிச்சுச் சொல்லுறன் எண்டு அனுப்பிப்போட்டன். கிளினிக்கில எல்லாம் நல்லாயிருக்கெண்டு சொன்னவை, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாக்கு, விறகுப் புகை வரைக்கும் வந்தபோது பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"ஸ்பீக்கரில போட்டிருக்கிறன், மௌலவி. நீங்கள்தானே சொன்னீங்கள்" என்றார் சகோதரி.

அடுத்து வந்தது மாமியின் குரல். "அப்ப மௌலவி, புகையிலையைக் குறைச்சுப்போட்டு பாக்கை மட்டும் போட்டால் பரவாயில்லையோ?"

படகு வந்துவிட்டது என்று சொல்லித் தப்ப இந்த முறை எனக்கு வழியிருக்கவில்லை.